மஞ்சள் கோடு போட்ட போல்ட்

மகனே, ஸ்டியரிங்கில் கட்டியிருக்கும் இந்தக் காகிதங்களை அவிழ்த்து முழுவதும் படி. படித்து முடிக்கும்வரை வண்டியில் சாவி போடாதே. நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். சுங்குவார்சத்திரத்து மாதா கோவிலில் பூசை முடிந்ததும் ஷைலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீயே ஓட்டிக்கொண்டு, வல்லக்கோட்டை வழியாக நம் வீட்டுக்கு வரப்போவதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாய். அந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது என்பது என் பயம். வாயால் சொன்னேன், சிரித்தாய். உங்கள் கம்பெனியில் ஒரு பொருள் மோசம் என்று யார் கத்தினாலும் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான், அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் தொடமாட்டார் என்று நீதான் ஒரு நாள் பெருமையாகச் சொன்னாய். ஆகவே இதை அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. இது அட்டை. கொஞ்சம் நீண்டுவிட்டது. வாழ்நாளெல்லாம் மிஷன் பள்ளியில் தமிழ் நடத்தியவளுக்கு இதைவிடச் சின்ன அட்டையில் எழுத வராது. உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் நண்பர்கள் படிக்கலாம். ஷைலா படித்தால் இன்னும் நல்லது. முன்சீட்டில் உட்காரப்போகிறவள் அவள்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். நீ வாங்கிவந்த பழைய வெள்ளைக் கார் பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புக் கைக்குக் காலிப்பர் என்று பெயர் என்பதும், அதற்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. "பிரேக் செய்யுற கம்பெனியிலேயே நம்ம பையன் லீடரு. அவன் போய் மரத்தடி மெக்கானிக்கிட்ட நிப்பானா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. சமையல்காரன் ஓட்டலில் சாப்பிட்டால் நமக்கு ஒரு மாதிரி இருக்கிறதல்லவா. துருவை மட்டும் எடுத்தால் போதாது, சிவப்பு பெயிண்டும் அடிக்க வேண்டும் என்றாய்; சக்கரத்தின் இடைவெளியில் தெரியும், கல்யாண ஆல்பத்தில் நன்றாக விழும். மணமகளின் புடவை, மேடையின் திரை, காரின் காலிப்பர் மூன்றும் ஒரே சிவப்பில் இருக்க வேண்டும் என்று விரும்பிய முதல் மாப்பிள்ளை நீயாகத்தான் இருப்பாய்.

உன் லைனில் வேலை செய்யும் இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு தங்கியிருக்கும் முத்துராசு ஒருவன். படப்பைக்காரன் தேவா மற்றவன். இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றியதும், யாரும் சொல்லாமலே, கம்பெனியில் நிற்கும் வரிசையிலேயே நம் முற்றத்திலும் போய் நின்றார்கள். முத்துராசு கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தான், பிஸ்டனை எடுத்தான், உள்ளே மெழுகிவைத்தது போல் துடைத்தான், புதிய ரப்பர் வளையத்தைப் பிரேக் ஆயிலில் நனைத்து விரல் நுனியால் அதற்கான பள்ளத்துக்குள் உட்காரவைத்தான். பூ கட்டுகிறவள் விரல்கள் அவனுக்கு. உன் அப்பா உதவி செய்யும் ஆசையில் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தபோது அவன் போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து போய்விட்டது. "ஐயா, மண்ணெண்ணெயக் கிட்ட கொண்டாராதிய! ரப்பர் ஊதிப் பணியாரம் மாதிரி ஆயிரும்லா!" தேவா பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னாடா மாப்ள, கொயந்தைக்கு மை வெச்சிகினு கீறியா? சீக்கிரம் அனுப்பு, என் ஸ்டேஷன் சும்மா கீது." ஸ்டேஷன் என்று அவன் சொன்னது என் துளசிச் செடிக்குப் பக்கத்தில் போட்டிருந்த மணையை. முத்துராசு நிமிராமலே சொன்னான்: "எலே, ஒனக்கென்ன, பொட்டு வைக்கிற வேல. எங்க ஊர்ல மாட்டுப் பொங்கலுக்குப் பச்சப்புள்ள செய்யும்." தேவா விடவில்லை. "பொட்டு வெக்காத மாட்ட எவன்டா வாங்குவான்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

சிவப்பு காய்ந்ததும் காலிப்பரை வண்டியில் மாட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட். முத்துராசு அவற்றைக் கையால் திருகி ஏற்றினான். தேவா மெல்லிய பிரஷ்ஷில் மஞ்சள் பெயிண்ட் தொட்டு, ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தான். நீ குனிந்து பார்த்தாய். "ஓகே" என்றாய். சக்கரத்தைப் போட்டீர்கள். அது என்ன கோடு என்று நான் கேட்டதற்கு நீ பொறுமையாக விளக்கினாய்: போல்ட் முழுதாக இறுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளம், பிற்பாடு போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும், மஞ்சள் கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நீயும் அதைத்தான் செய்தாய். பிறகு தேவா நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தான். உன் அப்பா பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து புனித நீர் தெளிக்கச் செய்தார். இரண்டு மதங்களும் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தன. போல்ட்டை இறுக்குவது இரண்டின் பொறுப்பிலும் வராது.

மறுநாள் நம் கேட்டின் முன்னால் நீ வண்டியை நிறுத்தியபோது வலது முன்சக்கரத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து யாரோ ஒரு விரலால் தட்டுவது போல. உன் அப்பா, புதுசு அப்படித்தான் இருக்கும் என்றார். நீ, "செட் ஆகுதும்மா" என்றாய். இந்தச் 'செட் ஆகும்' என்பதை நான் வெகுகாலமாகக் கவனித்துவருகிறேன். விரிசல் விட்ட சுவர், குடிக்கிற மருமகன், ஏரியை மூடிக் கட்டிய குடியிருப்பு எல்லாமே நம் பக்கத்தில் செட் ஆகிக்கொண்டேதான் இருக்கின்றன. அடுத்து வந்த நாட்களில் சத்தம் இரண்டானது. மிதித்தால் ஒரு டொக், விட்டால் ஒரு டொக். பத்திரிகை வைக்க மணிமங்கலம் போனோமே, அந்த ஏரிக்கரை வளைவில் முன்னால் போன டிரெய்லர் திடீரென்று மெதுவானபோது நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி தண்ணீர்ப் பக்கமாக ஒரு முட்டு முட்டியது. நீ ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே, "ரோடு சரியில்ல" என்றாய். நான் ரோட்டைப் பார்த்தேன். வெளிநாட்டுக்குக் கார் போகிற ரோடு. நம் வீட்டுத் தரையைவிட வழவழப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் நான் மறுபடி கேட்டதும், சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, என்னைக் குந்தவைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காட்டினாய். சிவப்பு பளபளவென்றிருந்தது. மேல் போல்ட்டில் மஞ்சள் கோடு தெரிந்தது. கீழே இருப்பது கண்ணுக்கு எட்டவில்லை. அதுவும் இதே மாதிரிதான் என்றாய். ஒன்று மட்டும் எனக்கு இடறியது. போல்ட்டின் தலையில் இருந்த கோடும் இரும்பில் இருந்த கோடும் ஒன்றையொன்று தொடவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்த கண். கோடு கோணினால் உறுத்தும். சொன்னேன். "தேவா கை ஆடியிருக்கும்மா. அவன் காலைலேர்ந்து டீ குடிக்கல" என்றாய். உடைந்தால் காட்டிக்கொடுக்கும் என்று நீ சொன்ன கோடு காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நீ அதற்குத் தேநீர் வாங்கிக்கொடுக்கச் சொன்னாய்.

கல்யாணத்துக்கு முன் தாய் சொல்லும் அறிவுரை என்று ஏதாவது எழுத வேண்டுமே. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நானும் உன் அப்பாவும் வேளாங்கண்ணிக்குப் போனோம். வீட்டை அவர் பூட்டினார் என்று நானும், நான் பூட்டினேன் என்று அவரும் முழு நிம்மதியோடு மாதாவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், கதவு விரியத் திறந்து கிடந்தது. ஒன்றுமே திருட்டுப்போகவில்லை. எங்கள் குடும்ப நிலைமைக்கு அதைவிட நேர்மையான சான்றிதழ் அதன்பின் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்புறம் நீ பிறந்து, சுவரைப் பிடித்து நடக்கப் பழகியபோது, தண்ணீர் லாரி வந்துபோன ஒரு மத்தியானம், தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடியை அவர் மூடியிருப்பார் என்று நான் சமையலறைக்கும், நான் மூடியிருப்பேன் என்று அவர் திண்டிவனம் பஸ்ஸுக்கும் போய்விட்டோம். சத்தமில்லாமல் இருக்கிறாயே என்று எட்டிப் பார்த்தால், தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கப்போட்டு, தண்ணீரில் தெரிந்த பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாய். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாய். மூச்சை அடக்கிக்கொண்டு வந்து பின்னாலிருந்து தூக்கினேன். இதை உன் அப்பாவிடம் இன்றுவரை சொன்னதில்லை, அவரும் படிக்கட்டும். குடும்பம் கெட்டவர்களால் மட்டும் கெடுவதில்லை. நல்லவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தாலும் போதும். ஷைலாவை நம்பு. ஆனால் மூடியைத் தொட்டுப் பார்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் வகுப்பில் கண்ணாடி உடைந்தால் ஒவ்வொருவனாக எழுப்பிக் கேட்கத் தெரியும். நேற்று பந்தல் கம்பு இறக்க வந்த தேவாவுக்குத் தேநீர் கொடுத்து, அந்தப் போல்ட்டை யார் இறுக்கியது என்று கேட்டேன். "நானில்ல டீச்சரம்மா. நான் கோடு மட்டும்தான்." இறுக்கியாயிற்று என்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "என் கைக்கு வந்தாலே டைட்டு பண்ணதுதானே? லைன்ல அப்பிடித்தான் வரும். எனக்கு முன்னாடி மிஷின் ஒண்ணு கீது. அது டைட்டு பண்ணி, பச்ச லைட்டு எரிஞ்சாதான் பீஸு என்கிட்ட வரும்." நம் வீட்டில் அந்த மிஷின் எங்கே இருந்தது, தேவா என்றேன். அவன் தேநீரைக் கீழே வைத்தான். துளசிச் செடிக்கும் முத்துராசு உட்கார்ந்த இடத்துக்கும் நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்தான்.

அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், இன்னொரு கேள்வி கேட்டேன். கம்பெனியில் அந்த மிஷின் ரிப்பேரானால் என்ன செய்வீர்கள்? "லைன் நிக்கக் கூடாது டீச்சரம்மா. கையில ஒரு திருகு திருகி, மார்க் போட்டு அனுப்பிடுவோம். பின்னாடி செக்கிங்ல பாத்துப்பாங்க." செக்கிங்கில் என்ன பார்ப்பார்கள்? "மார்க் கீதான்னு பாப்பாங்க." அந்தச் செக்கிங்கில் நிற்பது யார்? அவன் எழுந்து பந்தல் கம்பை எண்ணப் போவது போல நகர்ந்தான். போகிறபோதுதான் சொன்னான், முதுகைக் காட்டிக்கொண்டு. "லீடருதான்."

நம் கேட்டில் நின்றால் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் போவது தெரியும். வெள்ளைத் துணி போர்த்தி, கோவிலில் வெள்ளை உடுத்தி முதல் நன்மை வாங்கப் போகும் சிறுமிகள் போல வரிசையாக. நேற்று சாயங்காலம் வெகுநேரம் அங்கேயே நின்றேன். எல்லாம் போய்ச் சேரட்டும். கல்யாணத்துக்குப் பிறகு நீ வேலைக்குத் திரும்பும் முதல் நாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நானும் நோட்டுப் புத்தகத்தில் படிக்காமலே சிவப்பு மையால் சரி போட்டவள்தான். ஆனால் என் 'சரி'க்கு அடியில் யாரும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகவில்லை.

இன்று காலை ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வரும்படி முத்துராசுவுக்குச் சொல்லி அனுப்பினேன். நீ அப்போது பைக்கில் ஷைலா வீட்டுக்குப் போயிருந்தாய். "யம்மா, நான் கையால ரெண்டு மரை ஏத்தி விடுவேன், அம்புட்டுத்தான் என் சோலி. அதுக்கு மேல மிஷின்லா இறுக்கும்," என்றான் வாசலிலேயே. சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் ஏற்றிய இரண்டு சுற்று மரைதான் இத்தனை நாளாக உன்னையும் என்னையும் உன் அப்பாவையும் தாங்கியிருக்கிறது. ஸ்பானர் எடுத்து வா என்றேன், எடுத்து வந்தான். சக்கரத்தைத் திருப்பிவிட்டு, பாயை விரித்துப் படுத்து, பின்பக்கமாகக் கையை விட்டான். "என்னப்பா?" என்றேன். "யம்மா, ஸ்பானர் வேண்டாம். கையிலயே வருது" என்றான். இடது சக்கரத்தையும் பார்க்கச் சொன்னேன். எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "அண்ணன் வரட்டும்மா. நான் பாக்கமாட்டேன்" என்றான். சாவியை நான் எடுத்து ஒளித்துவைக்கவில்லை. அது ஆணியில்தான் தொங்குகிறது. நீ பெரியவன், அட்டை கட்டிய வண்டி என்று தெரிந்தபின் எடுப்பதும் எடுக்காததும் உன் பாடு. கோவிலுக்குப் போக வேன் சொல்லியாகிவிட்டது. ஷைலாவின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் நீ யோசித்துக்கொள்.

இந்தக் காகிதங்களோடு நூலில் கட்டித் தொங்குவது வலது சக்கரத்தின் மேல் போல்ட். தலையில் பாதி மஞ்சள் கோடு இருக்கிறது. மறுபாதி வண்டியில் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பார், தேவாவின் கை ஆடவே இல்லை, நேராகத்தான் இழுத்திருக்கிறான். கீழ் போல்ட்டையும் சேர்த்துக் கட்டலாம் என்றுதான் முத்துராசுவை மறுபடி கையை விடச் சொன்னேன். அது இருக்க வேண்டிய இடத்தில் அவன் விரலுக்கு ஓட்டைதான் தட்டுப்பட்டது. மணிமங்கலத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ, ரோட்டோரத்து மண்ணில் அது கிடக்கிறது, மகனே. அதன் தலையிலும் மஞ்சள் கோடு இருக்கும். நீ குனிந்து பார்த்து ஓகே சொன்ன கோடு.